நூற்றுக்கு நூறு

மைசூரில் நான் வேலை பார்க்கும் மருந்து கம்பெனியில் செல்போனிலேயே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். மாதம் ஒரு பாடம், கடைசியில் கேள்விகள். தேறினால்தான் சம்பள உயர்வு. அதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க எனக்கு ஏது பொறுமை! சாயங்காலம் போனை மகளிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். ரசம் கொதிப்பதற்குள் முடித்துவிடுவாள். எப்போதும் நூற்றுக்கு நூறு. கெட்டிக்காரப் பெண்ணைப் பெற்றிருக்கிறேன் என்ற பூரிப்பு வேறு எனக்கு.

அந்த மார்க்கைப் பார்த்துத்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மாத்திரையை அட்டையில் அடைக்கும் புது மெஷின் வந்திருந்தது. வெளிநாட்டு ஆர்டருக்காக ஆய்வு செய்ய ஆள் வருகிறார், வேலை தெரிந்தவர்கள் இருந்தால்தான் ஆர்டர் நமக்கு, இல்லையென்றால் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்றார். கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளி கிராமத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண்ணை என்னிடம் ஒப்படைத்தார். அவளும் தமிழ், நானும் தமிழ் என்ற கணக்கு. ஆய்வில் சரியாகச் சொன்னால் அவளுக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முதல் நாளே கேட்டாள். "அக்கா, மெசினு நடுவுல நின்னுபோச்சுன்னா உள்ள இருக்கற அட்டைய என்னங்க பண்ணோணும்?"

எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "எல்லாம் போன்ல இருக்கு, பாரு" என்று எரிந்து விழுந்தேன்.

"பாத்தனுங்க்கா, புரியலைங்க."

"திரும்பப் பாரு."

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன். சிரித்தபடி கன்னடம் கலந்து சொன்னாள். "அய்யோ அம்மா, பாடம் யாரு பார்த்தா? சும்னே ஒண்ணொண்ணா அமுக்குவேன். தப்பானா மறுபடி சான்ஸ் கொடுக்கும்."

மறுநாளே மேனேஜரிடம் போயிருக்கலாம். கௌரவம் தடுத்தது. என்ன பொல்லாத கௌரவம்!

ஆய்வுக்கு வந்தவர் மேனேஜர் மூலமாக அவளிடம் அதே கேள்வியைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அக்கா நல்லாத்தானுங்க சொல்லிக் குடுத்தாங்க. நாந்தானுங்க மறந்துட்டேன்" என்றாள்.

அப்போதாவது பேசியிருக்க வேண்டும். வெளியாள் முன்னால் எதற்கு, அவர் கிளம்பட்டும் என்று இருந்துவிட்டேன். அவர் போனதும் மேனேஜர் அறையில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க சார்" என்றேன்.

அவள் யூனிஃபார்மைக் கொடுத்துவிட்டு அப்போதே கொள்ளேகால் பஸ்ஸுக்குப் போய்விட்டாள் என்றார்.