சிசிலியில் சொன்ன தெருப்பெயர்

போன வருஷம் மே மாத விடுமுறையில், இத்தாலிக்குத் தெற்கே இருக்கும் சிசிலித் தீவுக்குப் போயிருந்தேன். கீழ்வேளூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் டீச்சர் நான். இத்தாலி வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து, "பூட்ஸ் போட்ட கால் மாதிரி இருக்கா? அது உதைக்கிற பந்துதான் சிசிலி" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். அந்தப் பந்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

தம்பிக்குத்தான் பிடிக்கவில்லை. "காசி, ராமேஸ்வரம்னாலும் பரவால்லக்கா. இத்தாலில யாரு இருக்கா உனக்கு?" என்றான்.

"யாரும் இல்லாத ஊரைப் பாக்கத்தான் போறேன்" என்று கிளம்பிவிட்டேன்.

கும்பகோணத்து டிராவல்ஸ்காரர் ஒருவர் ஏற்பாடு செய்த பயணம். மொத்தம் பதினாலு பேர். தனியாக வந்த பெண் நான் ஒருத்திதான். முதல் நாள் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். ஓய்வு பெற்ற இன்ஜினீயர், சென்னைவாசி. மனைவியோடு வந்திருந்தார். என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம ஊரு! எங்க அப்பாவுக்கு அங்க எட்டு வேலி நிலம் இருந்துச்சு. நீங்க எந்தத் தெரு டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. அவர் சொன்ன எட்டு வேலியில் என் அம்மா நடவு நட்டிருக்கிறாள், களை பறித்திருக்கிறாள். நான் பிறந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனித் தெருவில். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்" என்றேன்.

ஐம்பத்தோரு வயதில், ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய், ஒரு நொடியில் பொய் சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் என்னிடம் ரொம்பப் பிரியமாக இருந்தார்கள். நான் கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாயை அவர் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பலெர்மோ நகரத்துச் சந்தையில் வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவி விற்றார்கள். புளிப்பும் இனிப்புமாக ஒரு கத்தரிக்காய்க் கறி சாப்பிட்டோம், நம் கொத்சுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. அக்ரிஜென்டோவில் மலைச்சரிவில் வரிசையாகப் பழைய கிரேக்கக் கோயில்கள். கூரை இல்லாத தூண்களுக்கு நடுவே நின்றபோது தாராசுரத்துக் கல் ஞாபகம் வந்தது. எல்லாமே அழகு. ஆனால் அவர் "நம்ம ஊர்க்காரங்க பழக்கமே தனிதான் டீச்சர்" என்று சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன்.

நாலாம் நாள் கட்டானியா நகரத்தில், ஒரு பெண்மணி தன் வீட்டில் எங்களுக்குச் சமையல் கற்றுக்கொடுத்தார். கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே எட்னா எரிமலை புகைந்துகொண்டிருந்தது. குங்குமப்பூ போட்டுக் குழைய வடித்த சோற்றைக் கையில் எடுத்து, நடுவில் பட்டாணியும் சீஸும் வைத்து, கூம்பாகப் பிடித்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்க வேண்டும். அரன்சினோ என்று பெயர். கொழுக்கட்டை பிடித்த கை எனக்கு. என் வரிசையைப் பார்த்து அந்தப் பெண்மணி கைதட்டினார்.

பிடித்துக்கொண்டே தெரிந்த இங்கிலீஷில் தன் கதையைச் சொன்னார். தன் அம்மா ஒரு பெரிய பண்ணையில் கோதுமை அறுத்த கூலிக்காரி என்றார். பண்ணை வீட்டுச் சமையலறைக்குள் அம்மாவை விடமாட்டார்களாம். "இன்று உலகமே என் சமையலறைக்கு வருகிறது" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். குரலில் ஒரு துளி கூச்சம் இல்லை.

என் கையில் பாதி பிடித்த உருண்டை. அதைக் கீழே வைத்துவிட்டு இன்ஜினீயர் பக்கம் திரும்பினேன்.

"சார், முதல் நாள் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் இல்ல. காலனித் தெரு. உங்க எட்டு வேலியில நட்டவங்கள்ல எங்க அம்மாவும் ஒருத்தங்க."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அதனால என்ன டீச்சர்... இப்பல்லாம் அதை யாரு பாக்குறா?"

"பாக்கலன்னா எதுக்கு சார் கேட்டீங்க?"

அவர் கையில் ஒட்டிய ரொட்டித்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். தமிழ் புரியாத அந்தப் பெண்மணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விட்ட உருண்டையை எடுத்துப் பிடித்து முடித்தேன்.

பொரித்ததையெல்லாம் ஒரே தட்டில் வைத்துச் சுற்றுக்கு விட்டார்கள். தட்டு தன்னிடம் வந்ததும் இன்ஜினீயர், "வயிறு சரியில்ல" என்று தள்ளி வைத்தார். அவர் மனைவிக்கு வந்ததே கோபம்!

"மூணு நாளா அவங்க ஊறுகாய சாப்பிட்ட வயிறுதானே? இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, நான் பிடித்ததாகப் பார்த்து இரண்டு எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். இன்ஜினீயர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

அப்புறம் பயணம் முடியும்வரை அவர் பஸ்ஸில் முன்வரிசைக்கு மாறிக்கொண்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் எட்னாவில் கறுத்த எரிமலைச் சாம்பலில் கால் புதையப் புதைய ஏறினேன். சிராக்கூசா கடற்கரையில், காலைப் பலகாரமே ஐஸும் பன்னும்தான் என்றார்கள். பாதாம் ஐஸில் பன்னைத் தோய்த்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியில்லாதபோது ஊர் சுற்றுவது எவ்வளவு லேசாக இருக்கிறது!

வாழ்க்கையில் நான் வெட்கப்படும் நாட்கள் என்று யோசித்தால், அந்தப் பொய்யோடு நடந்த மூன்று நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன; அவற்றோடு நாலாவதாக இன்னொரு நாளைச் சேர்ப்பதில்லை என்ற பிடிவாதத்தோடுதான் இன்றுவரை இருக்கிறேன்.