காப்புக் கட்டிய ஊரில் கடைசி ரீல்

அந்தப் படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாத வாய் போடியில் ஒன்றுகூட இல்லை. ஏலக்காய் மண்டியில், சந்தையில், கிணற்றடியில், கோயில் வாசலில் என்று எங்கே போனாலும் அதே பேச்சு. அந்தப் படத்துக்கு மூலமான நாவலை மூன்று தடவை படித்தவள் நான். என்னிடம்தான் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது போடிக்கு ரயில் வரவில்லை. படப்பெட்டிகளை அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறக்கி, மோட்டார் பஸ்சின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தார்கள். சந்தைப்பேட்டைக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, தரையில் ஆற்றுமணலைக் கொட்டினார்கள். நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் கையில் குச்சியோடு நின்று, 'இதோ வருகிறாள் பாருங்கள்' என்று கதையைச் சொல்லுவார். ஆண் குரல், பெண் குரல், குழந்தை அழுவது எல்லாம் அவர்தான்.

எனக்கு அந்தப் படத்தின் மேல் அவ்வளவு அக்கறை வந்ததற்கு என் அண்ணன் மகள்தான் காரணம். அவளுக்கு அப்போது பதினாறு வயது. மலையில் பெரிய ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒருவருக்கு அவளை இரண்டாந்தாரமாகக் கேட்டு வந்திருந்தார்கள். அவருக்கு என் அண்ணனின் வயது. மூத்தவள் உயிரோடு இருந்தாள், பிள்ளை இல்லை. அண்ணன் வாயெல்லாம் பல்லாக வாக்குக் கொடுத்துவிட்டார். பூ வைத்து நிச்சயம் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

அந்த மலையை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஏலத்தோட்டத்துக்குக் கணக்குப் பார்க்கப் போனவர். முதல் பருவத்திலேயே மலைக்காய்ச்சல் வந்து, கட்டிலில் வைத்துக் கீழே தூக்கிவந்தார்கள்; பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன். வந்து சேர்ந்தவள் சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நாவலின் கதையும் ஏறக்குறைய இதேதான். வசதியான கிழவருக்கு இரண்டாந்தாரமாகப் போகிறாள் ஒரு பெண். அங்கே படாத பாடு பட்டு, தகப்பன் வீட்டுக்கு ஓடி வருகிறாள். 'உன் வீடு அதுதான்' என்று தகப்பன் திருப்பி அனுப்பிவிடுகிறான். போகிற வழியில் கிணறு இருக்கிறது. அவ்வளவுதான் கதை. மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் எழுத்துக் கூட்டிப் படித்ததன் பலன், மத்தியானங்களில் ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளியபடி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அதைச் சத்தமாகப் படித்துக்காட்டுவேன். அண்ணன் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் சிரிப்பார்.

"எவனோ வேலையத்தவன் எழுதுன பொய்யி. கண்ணால பாத்தா நம்பலாம். காகிதத்துல இருக்குறதை எப்படித் தாயி நம்புறது?"

அதே கதையைப் படமாகக் காட்டப்போகிறார்கள் என்று தண்டோரா கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மனுஷன் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து "எப்பண்ணே போறீங்க?" என்று நச்சரிக்க ஆரம்பித்தேன். அவர் "சோலி கெடக்கு" என்று நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார்.

முதல் நாள் ஆட்டத்துக்கு நானும் மதினியும் எதிர்வீட்டு அக்காவும் போனோம். மதினி என்றால் அண்ணன் மகளின் அம்மா. நிச்சயம் பேசிய பெண் கொட்டகைக்கு வரக் கூடாது என்று அவளை வீட்டில் விட்டுவிட்டார்கள்.

படத்தில் தகப்பன் மகளைத் திருப்பி அனுப்பும் இடத்தில் பெண்கள் பக்கம் கொதித்துப்போனது. எதிர்வீட்டு அக்கா இரண்டு கை மணலை அள்ளித் திரையில் வீசினாள். "பெத்தவனாடா நீ? வீடு தேடி வந்த புள்ளையை வெரட்டுறியே, நீ நல்லாயிருப்பியா?" என்று எழுந்து நின்று கத்தினாள். கதை சொல்கிறவர் குச்சியைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். கடைசி ரீலில் கிணற்றையும், அதன்பின் பாடையையும் சிதையையும் காட்டினார்கள். மதினி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இவள் மாறிவிட்டாள், இனி அண்ணனிடம் இவளே பேசுவாள் என்று நம்பினேன்.

திரும்பி வரும் வழியில் மூக்கைச் சிந்திக்கொண்டே மதினி சொன்னாள், "அந்த மூத்தாளு சரியான பேயி. நம்ம புள்ளைக்கு வாய்க்கிற மூத்தாளு அப்படியில்ல. தங்கமானவ. தன் கையால நெல்லிக்கா ஊறுகா குடுத்துவிட்டா பாத்தியளா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் விறுவிறுவென்று அவளுக்கு முன்னால் நடந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஊர்க் கருத்துகள். சந்தைக்கு இறங்கி வந்த தோட்டத்துப் பெண்கள், இந்தக் கோடையில் அந்தக் கிணற்றில் எப்படி அவ்வளவு தண்ணீர் என்று கேட்டார்கள். வண்டிக்காரர்களுக்குப் படத்தில் வந்த குதிரையின் நெற்றிச் சுழி ராசியில்லை என்ற குறை. துணிக்கடை ராவுத்தர் அந்தப் பெண் கட்டியிருந்த சேலை எந்த ஊர் நெசவு என்பதில் மற்றவர்களோடு தர்க்கம் செய்தார். அவள் ஏன் செத்தாள் என்று ஒருவர்கூடப் பேசவில்லை. சாவைப் பற்றிப் பேசிய சிலரும், அவள் செத்திருக்கக் கூடாது, படம் எடுத்தவன் கெடுத்துவிட்டான் என்று படக்காரன் மேல்தான் கோபப்பட்டார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். அப்படியானால் புத்தகமும் சரியில்லை என்றார்கள்.

இதற்கிடையில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் போய் இரவு தங்கக் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது. சாவே விழுந்தாலும் மேளம் இல்லாமல், அழுகைச் சத்தம் இல்லாமல் எடுத்துப் போய்விடுவார்கள். கோயில் பெரியவர்கள் நாலைந்து பேர் கொட்டகைக்காரரிடம் போய் நின்றார்கள்.

"வெள்ளைத் துணியில ஆளு ஒசரத்துக்குப் பாடையைக் காட்டுறீக. தெனம் ஒரு எழவு விழுகுது ஊருக்குள்ள. ஆத்தாளுக்கு அடுக்குமா?"

அது வெறும் படம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். படமானாலும் பாடை பாடைதான் என்றார்கள். கடைசி ரீலைக் காப்பு அவிழ்க்கிறவரைக்கும் காட்டுவதில்லை என்று முடிவாயிற்று. காட்டாவிட்டால் கதை எப்படி முடியும்? கதை சொல்கிறவர்தான் வாயிருக்கிறதே என்று ஒரு முடிவைக் கட்டிவிட்டார். வழியில் கிணற்றைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு மாரியாத்தா புத்தி கொடுத்தாளாம். புருஷன் வீட்டுக்கே போனாளாம். மூத்தவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாளாம். ஆண் குழந்தை பிறந்ததாம். சொல்லி முடித்துக் குலவை போடச் சொல்லுவாராம். கொட்டகைப் பெண்கள் குலவை போட்டுவிட்டு நிம்மதியாக எழுந்து போவார்களாம்.

இதெல்லாம் என் காதில் விழுந்து நான் தடுப்பதற்குள் என் அண்ணன், பார்த்துப் பார்த்து அந்த வாரத்தில் போய் உட்கார்ந்தார். கூட யார் என்றால் அந்த மலைத்தோட்டக்காரர், மாப்பிள்ளை.

விளக்கு வைத்துச் சற்று நேரத்துக்கெல்லாம் போனவர், திரும்பி வந்தபோது முகம் பூரித்துக் கிடந்தது. முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"பாரு பாருன்னு அரிச்சியே, பாத்துட்டேன் தாயி. அருமையான கதை. அந்த அப்பன் பண்ணுனதுதான் சரி. அவன் மட்டும் மனசு எளகி வீட்டுல வச்சிருந்தான்னா அவ வாழ்க்கை வீணாப் போயிருக்கும். திருப்பி அனுப்புனான், ராணி மாதிரி இருக்கா."

"அண்ணே, அவ செத்துப்போறா. கிணத்துல விழுந்து செத்துப்போறா. கடைசி ரீலை உங்களுக்குக் காட்டல."

"என் கண்ணால பாத்தேங்குறேன்."

"நீங்க காதாலதான் கேட்டிருக்கீக. நானும் மதினியும் முழுசாப் பாத்தோம். மதினியைக் கேளுங்க."

அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு நாளைக்கு முன்பு என் தோளை நனைத்தவள்.

"நல்லாத்தாங்க முடிஞ்சுது," என்றாள் மதினி.

அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. பயத்தில் சொன்னாளா, அப்படி முடிந்தால் தேவலை என்று தானே நம்பத் தொடங்கிவிட்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் மட்டுமா? அந்த வாரத்துக்குள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் பேசினார்கள். முதல் நாளில் சிதையைப் பார்த்தவர்கள்கூட, அது கனவாக வந்த இடம் என்று எனக்கே விளக்கம் சொன்னார்கள்.

காப்பு அவிழ்த்த அன்றைக்குத்தான் கொட்டகையின் கடைசி ஆட்டம். கடைசி ரீலும் உண்டு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மறுநாள் பூ வைக்கும் நாள். இன்னொரு தடவை வாங்களேன் என்று அண்ணனைக் கெஞ்சினேன். முடிந்த கதையை எதற்குத் திரும்பப் பார்ப்பது என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். அப்போது அண்ணன் மகள் உள்ளேயிருந்து வந்தாள்.

"நான் போறேன்ய்யா. நாளைக்குப் பூ வச்சிட்டா எங்கேயும் விடமாட்டீக."

நல்லபடியாக முடிகிற கதைதானே என்று அண்ணன் அவளை என்னோடு விட்டுவிட்டார்.

அவள் படம் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மணலை வீசவில்லை, அழவில்லை. கிணற்றுக் காட்சி வந்தபோது என் கையைப் பிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் நேராக முற்றத்துக் கட்டிலுக்குப் போய் அண்ணன் முன்னால் நின்றாள்.

"அய்யா, அவ செத்துப்போயிட்டா."

அண்ணன் என்னை முறைத்தார். அவள் விடவில்லை.

"அவங்கய்யா திருப்பி அனுப்புனதுனாலதான் செத்தா. நான் வந்தா நீங்க திருப்பி அனுப்புவீகளா?"

அண்ணன் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பப் போனார், வந்தார். சொம்பை எடுத்தார், வைத்தார். அவரை அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று, அதை மாற்ற முடியாது என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் கேட்டது அது இல்லை.

"அனுப்புவீகளாய்யா?"

"அனுப்ப மாட்டேன்," என்றார் அண்ணன். மிகவும் மெதுவாகச் சொன்னார்.

மறுநாள் பூ வைத்தார்கள். எனக்கு அண்ணன் மேல் இருந்த கோபம் தணியவே இல்லை. திருப்பி அனுப்ப மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த மனுஷனுக்கு, அனுப்பாமலே இருக்கத் தெரியவில்லையே என்று புலம்பிக்கொண்டே கல்யாண வேலை செய்தேன். வைகாசியில் கல்யாணம் முடிந்து, மலைப்பாதையில் மெட்டு ஏறிப் போனாள்.

ஐப்பசி மழையில், காய்மூட்டை சுமந்து இறங்குகிற ஆட்களோடு ஆளாக அவள் நடந்தே வந்து சேர்ந்தாள். தலையில் சாக்கைப் போட்டிருந்தாள். காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம். முகத்தில் பாதியைக் காணவில்லை, அவ்வளவு இளைத்திருந்தாள். முழங்கைக்கு மேலே இருந்த தழும்புகள் அட்டை கடித்ததால் வந்தவை இல்லை. அண்ணன் வாசலில்தான் நின்றிருந்தார். அவள் படியேறாமல் கீழேயே நின்று அவரையே பார்த்தாள்.

அண்ணன் விலகி வழிவிட்டார். "வெரசாக் கஞ்சி ஊத்து," என்று உள்ளே பார்த்து மதினியிடம் சொன்னார். அதற்குப் பிறகு மலையிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. இரண்டு முறையும் அண்ணனே பேசி அனுப்பினார். நான் அவர் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியை அப்போது விட்டேன். மீதி இன்னும் இருக்கிறது.

ஊர் விட்டதா? கிணற்றடியில் பேச்சு, மண்டியில் பேச்சு. கட்டிக்கொடுத்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறார் என்று அண்ணனுக்குக் கோயில் வரி கொடுக்கப் போன இடத்தில்கூட முகம் கொடுக்காமல் இருந்தார்கள். படத்துப் பெண் செத்திருக்கக் கூடாது என்று படக்காரனை வைத அதே வாய்கள்.

ஒருநாள் எதிர்வீட்டு அக்கா வந்தாள். அந்தப் பெண் உள்ளே ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் குரலை உயர்த்தினாள்.

"ஏன் தாயி, வாழப்போன புள்ளையை இன்னும் எத்தனை நாளைக்கு வீட்டுல வச்சிருப்பீக? திருப்பி அனுப்புற உத்தேசம் இல்லையா?"

"உள்ள வாக்கா," என்றேன். "அவ முகத்துக்கு நேராச் சொல்லு. அன்னைக்கு வீசுன மணலு மிச்சம் இருந்தா அதையும் கொண்டா."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். உள்ளே வந்தேன். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பைக் கிள்ளி, முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை காயை அள்ளிக்கொண்டேன்.