டிரெட்மில்லுக்கு ஒத்திகை

விடிந்தும் விடியாத நேரத்தில் பால்கனிக் கொடியில் ஒரு பனியன் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு யாரும் துணி அலசுவதில்லை. என் கணவர் ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தார். மாமனார் வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அதே ஈரப் பனியன். எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் இருப்புக் கொள்ளாது. அதையே நினைத்துக்கொண்டு நின்றதில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததுதான் மிச்சம்.

மாமனார் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து புனே பக்கத்துத் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். இலாகா பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி மேலே போனவர். ஒன்றில்கூடத் தோற்றதில்லை என்பதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்று, மாமியாரும் போன பிறகு, சாங்வியில் எங்களோடு வந்து இருந்தார். எங்கள் குடியிருப்பில் அவர் வயதுக்காரர்கள் சிலர் ஞாயிறு காலையில் டேக்டிக்குப் போவார்கள். ஊருக்குள் இருக்கும் குன்றுக்குப் புனேக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. ஏறி இறங்கி, மிசல் என்கிற காரப் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, இமயத்தைத் தொட்டவர்கள் போலத் திரும்புவார்கள். மாமனாருக்கும் அந்த ஆசை வந்தது. குடும்ப டாக்டர் அவருடைய சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, "உங்க அப்பா எப்படிப் போனார்?" என்று கேட்டார். நாற்பது வயதைத் தாண்டியதும், சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் அவர். அதைக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் பரிசோதனை எல்லாம் முடியட்டும், அதுவரை குன்றும் வேண்டாம், வேக நடையும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். பரிசோதனைக்கு நாள் கிடைத்தது இரண்டு வாரம் கழித்து.

பனியனின் மர்மத்தை உடைத்தவர் ஐந்தாம் மாடி மராட்டிக்காரப் பெண்மணி. லிஃப்டில் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். விடிகாலையில் தன் கதவுக்கு வெளியே யாரோ இரைக்கிற சத்தம் கேட்டதாம். திறந்து பார்த்தால் காகா, அதாவது என் மாமனார், படியில் உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொண்டிருந்தாராம். இவர் தண்ணீர் கொடுத்தாராம், வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். நேரே போய்க் கேட்டேன். மாமனார் கொஞ்சமும் அசரவில்லை.

"ரெண்டு வாரத்துல அந்த மெஷின்ல ஏறி ஓடணும். தயார் பண்ணாம போய் நிக்கச் சொல்லுதியா? நான் எந்தப் பரீட்சைக்கும் அப்படிப் போனதில்ல, பாத்துக்க."

உடம்பு உழைப்பைத் தாங்குமா என்று பார்ப்பதற்குத்தான் பரிசோதனை. அதில் தேறுவதற்காக மனிதர் உடம்பை முன்கூட்டியே வதைத்துக்கொண்டிருந்தார். முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அவர் அப்பா சைக்கிளிலிருந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. படி ஏறக் கூடாது என்றேன். "சரிம்மா" என்றார். அதற்குப் பிறகு பனியன் அவர் அறைக்குள்ளேயே காய்ந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நெஞ்சு இறுகுவதை அவர் வலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சி போதவில்லை என்று எடுத்துக்கொண்டார். பரிசோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம், சும்மா உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சை நீவியபடி பெருங்காயம் போட்டு மோர் கேட்டார். வாயுவாம். கணவரிடம் புலம்பினேன். "நாளைக்கு டாக்டரே பாக்கப் போறாருல்லா, நீ ஏன் கெடந்து தவிக்க?" என்றார். நியாயமான பேச்சுத்தான். எனக்குத்தான் அது ஒட்டவில்லை.

மறுநாள் ஜெபம் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, பையில் பேனாவும் செருகிக்கொண்டு கிளம்பினார். மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் அவர் மார்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டே இந்தியில் கேள்விகள் கேட்டார். நடக்கும்போது நெஞ்சில் பாரம் உண்டா? மூச்சு வாங்குமா? சும்மா இருக்கும்போது வலி வருமா? மாமனார் மெஷின்மேல் நிமிர்ந்து நின்று, நேர்முகத் தேர்வில் சொல்வது போல, எல்லாவற்றுக்கும் பளிச்சென்று "நஹீ" என்றார். நான் மூலை நாற்காலியில் இருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பேச்சை மூன்றாம் மனிதர் முன்னால் நான் மறுத்ததில்லை. சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார். டாக்டரின் கை பொத்தானுக்குப் போனது. எழுந்து நின்று, இந்தியும் மராட்டியும் கலந்து, படியையும் மோரையும் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"நீ சும்மா இரி!" என்றார் மாமனார் தமிழில். என்னை அவர் அதட்டியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் அவரை மெஷினிலிருந்து இறக்கிவிட்டார். இன்னொரு ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், பெரிய டாக்டர் வந்தார். சும்மா இருக்கும்போதே வலி வருகிறவரை டிரெட்மில்லில் ஏற்றவே கூடாது என்று சொல்லி, அன்றைக்கே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். முக்கியமான ரத்தக்குழாய் ஒன்று ஏறக்குறைய முழுதாக அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

பிழைத்தவர் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் மகன் வழியாகத்தான் கேட்பார். பார்க்க வந்தவர்களிடம், "பரீட்சை எழுதவே விடாம இழுத்துட்டு வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனது சுட்டது, மறைப்பானேன். டாக்டர்கள் தினமும் மெதுவாக நடக்கச் சொன்னபோது துணைக்கு நான்தான் போனேன். வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே நடந்தோம். மெல்ல மெல்லப் பேச்சு வந்தது; காய்கறி விலை, சபைச் செய்தி, பேரன் மதிப்பெண். நெஞ்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. முகத்தைப் பார்த்து நானே கண்டுபிடிக்க வேண்டும். உதடு வெளுக்கிறதா, நெற்றி வியர்க்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். அந்த ஒண்ணுமில்லையை நம்பி ஒரு நாளாவது நான் நிம்மதியாக நடந்திருப்பேனா!

போன வாரம் ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தோம். ஷேர் ஆட்டோக்கள் காதைக் கிழித்தன. மாமனார் தானாகவே நின்றார். நான் கேட்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் நிப்போம்மா. நெஞ்சு லேசா இறுக்குது."

நாக்கடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுத்தேன். கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்தேன். சில நிமிடங்களில் இறுக்கம் விட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே கூட்டி வாருங்கள் என்றார். ஆட்டோவை நிறுத்தக் கையை நீட்டும்போதுதான் என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வலி எனக்குல்லா. நீ எதுக்கு அழுத?"