அறுபதில் நிற்காத டிகிரி

நன்றாக இருக்கிற சென்சாரை மாற்றச் சொல்லி எல்லோரும் நச்சரிக்கிற தொழில் எங்களுடையது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் டூல் பையோடு அலைகிற உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

மூன்றாவது சென்சார்

சேவூர்ப் பக்கம் ஒரு பட்டறை. லாட்டுக்கு லாட்டு துணி வெளுத்து வந்தது. சாயத் தண்ணீர் அறுபது டிகிரியில் நிற்க வேண்டும். டிஸ்ப்ளேயோ ஐம்பத்தெட்டு, அறுபத்தைந்து என்று குதித்தது. எண் ஏறியதும் சூடு போதுமென்று மெஷின் ஸ்டீமை மூடிவிடும். நிஜத்தில் தண்ணீர் சூடாகியிருக்காது, சாயமும் பிடிக்காது. இரண்டு சென்சார் மாற்றியும் தீராமல், பழி டையிங் மாஸ்டர் ரங்கசாமி தலையில் விழுந்தது. அடுத்த லாட்டும் வெளுத்தால் அவருக்கு வேலை போச்சு. மூன்றாவது சென்சார் கொண்டுவரச் சொல்லித்தான் எனக்கு போன். நான் கொண்டுபோகவில்லை. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க மேடம், ஊசி மருந்தில்லாம டாக்டர் வருவாங்களா?"

மோட்டாரை நிறுத்தினேன்

பம்ப் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். டிஸ்ப்ளே சமர்த்தாக நின்றது. ஓட்டச் சொன்னேன், மறுபடி ஆட்டம். மோட்டாரின் வேகத்தை மாற்றுகிற டிரைவிலிருந்து வரும் மின் இரைச்சல் சென்சார் ஒயரில் ஏறுகிறது, சென்சார்மேல் குற்றமே இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். முதலாளி தாடையைச் சொறிந்தார்.

"அப்ப மோட்டாரை நிறுத்திட்டே துணிய ஓட்டிக்கலாமுங்களா?"

ஆடிட்டுக்குப் பின்னிய ஜடை

ஒயர் போகிற டிரேயின் மூடியைத் திறந்தேன். அடக் கடவுளே! மோட்டார் ஒயரையும் சென்சார் ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து ஜடை மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் மண்டைக்கேறியது. இது யார் வேலை என்றேன். எலக்ட்ரீஷியன் செந்தில் பெருமையாக முன்னால் வந்தார்.

"துணி வாங்கற பையர் ஆடிட்டுக்கு வந்தப்ப இதைத்தானுங்க மேடம் போட்டோ எடுத்துட்டுப் போனாங்க."

இரண்டு பக்க எர்த்

ஜடையைப் பிரித்து, சென்சார் ஒயரைத் தனி வழியில் விட்டோம். ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை. அந்த ஒயரைச் சுற்றியுள்ள ஷீல்டு இரைச்சலைப் பிடித்து எர்த்தில் இறக்க வேண்டும். செந்தில் அதை மெஷின் பக்கமும் டிஸ்ப்ளே இருக்கிற பேனல் பக்கமும் எர்த் செய்திருந்தார். இரண்டு இடத்து எர்த்தும் எப்போதும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது. வித்தியாசம் இருந்தால் ஷீல்டு வழியே கரண்ட் ஓடி, அதுவே இரைச்சலாகிவிடும். மெஷினின் பாதுகாப்பு எர்த்தைத் தொடாமல், ஷீல்டின் மெஷின் பக்க முனையை மட்டும் கழற்றி டேப் சுற்றினேன். எண் அறுபதில் உட்கார்ந்தது. எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. செந்திலுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"சாமிக்கே ரெண்டு பக்கமும் வெளக்கு வெக்கறமுங்க மேடம், இதுக்கு மட்டும் ஏனுங்க ஒரு பக்கம்?"

கருநீல லாட்

அடுத்த லாட் முடிகிறவரை ரங்கசாமி டீயைக்கூடத் தொடவில்லை. துணியில் ஒரு துண்டு வெட்டி, உலர்த்தி, பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளோடு வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே கருநீலம். "தப்பா நெனச்சுட்டனுங்க மாஸ்டர்" என்று முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரங்கசாமி தலையாட்டிவிட்டு போனை எடுத்தார்.

"ஒரு நிமிசமுங்க, பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல டி.சி. கேக்க வேண்டாம்னு ஊட்டுல சொல்லிட்டு வந்தர்றனுங்க."

இன்றைக்கு என்ன வேலை பார்த்தாய் என்று வீட்டில் கேட்டால், ஒரு ஒயரைக் கழற்றினேன் என்று மட்டுமே சொல்ல முடிகிற தொழில் இது.