பேசாத இருவரைக் 'கோ' சொல்ல வைத்த என் தங்கையார்

இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியுள்ள உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். என் தங்கையார் தம் பொருட்டு எவரும் அழுவதை விரும்பாதவர். ஆதலின் மகிழ்ச்சியானவற்றையே எழுதத் துணிந்தேன்.

திருக்கழுக்குன்றத்தில், விவசாயக் கூலிகளான பெற்றோருக்கு இளைய மகளாய்ப் பிறந்தார். காலணியின்றி ஓடியே பரிசுகள் வென்றார். பின்னர் மாமல்லபுரத்தை அடுத்த கடலோரப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையானார். விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்திற்குக் கேட்டு வருவோரிடம், "இதுவும் பாடந்தான் சார், கோவத்த அடக்குற பாடம்" என்று சிரித்தே மறுத்துவிடுவார்.

கோ-கோ ஆட்டத்தில் துரத்துபவர், அமர்ந்திருக்கும் தோழியின் முதுகைத் தொட்டு உரக்கக் 'கோ' சொன்னால்தான் அவர் எழுந்து ஓடலாம். ஓர் ஆண்டில் அவருடைய அணியில் இருந்த நந்தினி, பவானி இருவரின் வீட்டாரும், கடலில் வலைகள் சிக்கி அறுந்த தகராற்றால் பேச்சை நிறுத்தியிருந்தனர். நந்தினி பவானியின் முதுகைத் தொடுவாள், வாய் திறக்கமாட்டாள். ஒவ்வொரு முறையும் தவறென்று விசில் ஊதப்படும்.

"அவகிட்ட பேசமாட்டேன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிகிச்சு டீச்சர்" என்றாள் நந்தினி.

ஒருத்தியை நீக்கிவிடுமாறு தலைமையாசிரியை கூறினார். தங்கையார் போட்டி நாள்வரை பொறுக்குமாறு வேண்டிக்கொண்டார்.

பயிற்சி முடிந்ததும் பெண்களை வட்டமாக அமர்த்தி, ஒவ்வொருத்தியையும் தனக்கு அருகிலிருப்பவளிடம் வேண்டுவதைக் கேட்கச் செய்வது அவர் வழக்கம். அவ்விருவரையும் நாள்தோறும் அடுத்தடுத்தே அமர்த்தினார். பல நாள் மௌனத்திற்குப் பின் பவானி, "டீச்சர், முதுகுல ஓங்கி அடிக்க வேணாம்னு அவகிட்ட சொல்லுங்க" என்றாள்.

"எனக்குக் காது கேக்கல. அவகிட்டயே சொல்லு."

"ஏய், வலிக்குதுடி."

"மெதுவா தொட்டா நீ எங்க எந்திரிக்கிற? தூங்கிகினு கீற."

வட்டமே சிரித்தது. அவ்விருவரும் சிரித்துவிட்டனர்.

செங்கல்பட்டில் இறுதிப் போட்டி. தாய்மார் இருவரும் மைதானத்தின் இரு கோடிகளில் நின்றிருந்தனர். கடைசி நிமிடத்தில் நந்தினி, "கோ! ஓடுடி பவானி!" என்று அலறியது இரு கோடிகளுக்கும் கேட்டது. அணி வென்றது. ஊர் திரும்பிய வேனில் தாய்மார் ஒரே இருக்கையில் அமர்ந்து வந்தனர்.

சென்ற ஆண்டு தங்கையார் சிறுநீரக நோயால் மருத்துவமனையில் இருந்தபோது, அத்தாய்மாரே மாறிமாறித் துணையிருந்தனர்.

"அவ கொழம்புல புளி ஜாஸ்தி டீச்சர். என்னுத சாப்பிடுங்க."

"நீ சும்மா இரு. உன்னுதுல உப்பே இல்ல."

தங்கையார் இரண்டையும் ஊற்றச் சொல்லி, சிரித்துக்கொண்டே உண்டார். சில நாட்களில் அமைதியாகக் கண்மூடினார்.

மருத்துவர்க்கும், செவிலியர்க்கும், பள்ளியார்க்கும், அவ்விரு தாய்மார்க்கும் எங்கள் நன்றி உரியது. இன்றைய ஆண்டு நினைவு விருந்தையும் அவ்விருவரே சமைத்துள்ளனர். அனைவரும் வயிறார உண்டு, எவர் கைப்பக்குவம் சிறந்தது என்பதை மட்டும் தயைகூர்ந்து சொல்லாது செல்லுமாறு வேண்டுகிறேன்.

குடும்பத்தார் சார்பில்,
மூத்த தமையன்