நெட்டில் கிடந்ததாம்!

தையல் இயந்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு, இடது கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றுகிறார். கண்கள் மூடியிருக்கின்றன. அவர் காது வைத்துவிட்டால் அந்தக் கூடத்திலிருக்கும் முப்பது பெண்களும் தாங்களாகவே மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள். நாலு சுற்று. ஐந்தாவது சுற்றில் கண் திறக்கிறது.

"மேல நூலு அறுந்துபோகுதுன்னுதானே சொன்னீங்க? நூல்ல தப்பில்லம்மா. கீழ கொக்கி தேஞ்சிருக்கு. மெஷின் பொய் சொல்லுது."

இயந்திரங்கள் பொய் சொல்லும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. வலியை ஓரிடத்தில் காட்டும், நோயை வேறிடத்தில் ஒளித்துவைக்கும்.

ஐம்பத்திரண்டு வயது, தையல் இயந்திர மெக்கானிக். தையல் கூடத்துப் பெண்களுக்கு அவர் 'ஊசியண்ணன்'. சட்டைக் காலரின் உள்பக்கம் எந்நேரமும் மூன்று ஊசிகள் குத்தியிருக்கும். துவைக்கப் போடும்போது எடுக்க மறந்துவிடுவார். "அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறது என் விரல்தான்" என்கிறார் மனைவி. மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவர்.

விடுமுறை நாளில் இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார்கள். போகிற இடத்தையெல்லாம் படமெடுத்து இணையத்தில் தன் பக்கத்தில் போடுவது ஊசியண்ணனின் பழக்கம். பத்து வருடத்தில் ஆயிரத்துச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் நாள், நேரம், மழையா வெயிலா, கூட யார் என்று மட்டும் இருக்கும். "அழகா இருக்குன்னு நான் வேற சொல்லணுமா? பாக்கிறவனுக்குக் கண்ணு இல்லையா?" என்பார்.

அந்தப் படங்களில் ஒன்று, மலைமேலிருக்கும் சின்ன ரயில் நிலையத்தில் எடுத்தது. கைப்பிடி உடைந்த பெஞ்சில் மனைவி தனியாக உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் கை, பார்வை தரையில். உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: ஏறிவரும் வழியில் செருப்பு அறுந்துவிட்டது. "இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். போய் வண்டியைக் கொண்டாங்க" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். இவர் போவதற்கு முன் ஒரு படம் எடுத்தார்.

நாலு வருடம் கழித்து அதே படம் ஒரு பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு வந்தது. ஒரு பயணக் கட்டுரை. எழுதியவர் பெயர்பெற்ற பயணக்காரர். படத்துக்குப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'ஆளரவமற்ற அந்த நிலையத்தில் அவளைக் கண்டேன். வராத ஒருவனுக்காகக் காத்திருக்கும் கண்கள். ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையை நீட்டினேன். வாங்கிய கை நடுங்கியது. எல்லோரும் போய்விட்டார்கள் என்றாள். அவள் கண்ணீர் தேநீரில் விழுந்தது.'

அந்தப் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன் நான். அந்தப் பக்கம் என் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போனது. 'தேநீர் கோப்பை' என்றிருந்ததற்கு நடுவே ஒரு 'க்' போட்டேன். வேறு பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை.

முதலில் மனைவியின் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். "ஏம்மா, வீட்ல எதுவும் பிரச்சனையா? எவனோ ஒருத்தன்கிட்ட சொல்லி அழறதுக்கு அண்ணன்கிட்ட சொல்லக் கூடாதா?" அடுத்து ஓரகத்தி. அவர் எதுவும் கேட்கவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டார். மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் மீதிச் சில்லறையை வாங்கும்போது கையை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் மனைவி பத்திரிகையைக் கணவர் முன்னால் எறிந்தார்.

"நான் எவன் கையில டீ வாங்கிக் குடிச்சேன்? எவன்கிட்ட அழுதேன்? சொல்லுங்க!"

மறுநாள் காலை கருவிப் பெட்டியும் கையுமாக ஊசியண்ணன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஆசிரியரின் மேசையில் தன் இணையப் பக்கத்தின் நகலை விரித்து, தேதியைக் காட்டினார். ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதெல்லாம் நெட்ல கிடக்கிறதுதானேங்க. எல்லாரும்தான் எடுக்கிறாங்க."

"என் ஸ்கூட்டர்கூடத்தான் கீழ தெருவுல கிடக்கு. எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்களா?"

பயணக்காரர் அன்று அடுத்த கட்டுரையைக் கொடுக்க வந்திருந்தார். பத்துப் பைகள் தைத்த சட்டை போட்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவர் கோபப்படவில்லை, புன்னகைத்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"எழுத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க ஒரு குறியீடு."

"குறியீடா? அவ என் பொண்டாட்டிங்க."

ஊசியண்ணன் பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்து, கட்டுரையை விரல் வைத்து வரி வரியாக வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"டீ எங்க வாங்குனீங்க?"

"அங்கதான்."

"அந்த ஸ்டேஷன்ல கடையே கிடையாதே."

"கீழ... கீழே இருந்து வாங்கிட்டுப் போனேன்."

"கீழன்னா மூணு கிலோமீட்டர் ஏத்தம். ஆவி பறக்குதுன்னு எழுதியிருக்கீங்க. இங்கதான் தேஞ்சிருக்கு சார்."

பயணக்காரரின் புன்னகை அப்போதுதான் இறங்கியது. அந்த ஊருக்குப் போனது உண்மைதான், மூன்று நாளும் அடைமழை, விடுதி அறையை விட்டு வெளியே வரவே முடியவில்லை என்றார். கட்டுரை தரவேண்டிய நாள் நெருங்கிவிட்டதாம். தேடியபோது இந்தப் படம் அகப்பட்டதாம்.

"அப்ப மழையை எழுதியிருக்கலாமே" என்றார் ஊசியண்ணன்.

எத்தனையோ வருடமாக எத்தனையோ பயணக் கட்டுரைகளுக்கு ஒற்றுப் போட்டிருக்கிறேன். 'டீ எங்க வாங்குனீங்க?' என்கிற அந்த ஒரு கேள்வியை ஒரு தடவையாவது நான் கேட்டிருக்க வேண்டும். போகாத மலையையும் பார்க்காத முகத்தையும் அடுத்தவன் வீட்டுக் கொடியிலிருந்து துணியை உருவுவதுபோல உருவிக்கொண்டு வந்து, அதன்மேல் கண்ணீரையும் தெளித்து, 'என் பயணம்' என்று தலைப்பு வைக்கிறார்கள். கேட்டால் கலை என்கிறார்கள். அந்தக் கண்ணீருக்கு ஒரு பெண் தன் அண்ணனிடம் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆசிரியர் இறங்கி வந்தார். "அடுத்த இதழ்ல படம் எடுத்தவர்னு உங்க பேரைப் போட்டுடறோம்."

"என் பேர் வேணாம். அவ அழலன்னு போடுங்க. அவ யாருக்காகவும் காத்துக்கிட்டு இல்லன்னு போடுங்க. அவ்வளவுதான்."

நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அடுத்த இதழில், குறுக்கெழுத்து விடைகளுக்குக் கீழே, எறும்பு வரிசைபோல ஒரே வரி வந்தது: 'சென்ற இதழ்க் கட்டுரையில் ஒரு படம் பொருத்தமின்றி இடம்பெற்றுவிட்டது. வருந்துகிறோம்.' யாருடைய படம், என்ன பொருத்தமின்மை, எதற்கு வருத்தம்? ஒன்றுமில்லை. பயணக்காரரின் புதிய கட்டுரை அதே இதழில் எட்டுப் பக்கத்துக்கு இருந்தது.

மனைவி அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தார். "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார்.

அடுத்து நடந்ததை ஊசியண்ணனே என்னிடம் சொன்னார். தன் கட்சி தோற்ற கதையைத் தன் வாயாலேயே சொல்லும் ஆண்கள் குறைவு. அவர் அறைக்குள் நடந்துகொண்டே, "கேக்காம எடுத்தான், கேக்காம போட்டான், கேக்காம அழவும் வெச்சான்" என்று பொரிந்து தள்ளியிருக்கிறார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டீங்களா?"

"என்னத்த?"

"ஊரெல்லாம் பாக்கப் போடறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா? கால் வலிக்குது, வண்டியைக் கொண்டாங்கன்னு கத்திக்கிட்டிருந்தேன். நீங்க போட்டோ எடுத்துக்கிட்டிருந்தீங்க."

"அவன் பொய் எழுதினான். நான் ஒரு வார்த்தை பொய் எழுதினேனா?"

"அது வேற. இது வேற."

அன்றிரவு அவர் சாப்பிட வெகுநேரம் ஆயிற்றாம். "அவன் செஞ்சது திருட்டுதான். அதுல மாத்தமே இல்ல. இன்னைக்கு நினைச்சாலும் வயிறு எரியுது" என்றார் என்னிடம். பிறகு திருப்புளியைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்ததுதான்.

இப்போது தினமும் வேலைக்குக் கிளம்புமுன் கால் மணி நேரம் இருவரும் கைப்பேசியில் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க உட்காருகிறார்கள். "இது?" "இருக்கட்டும்." "இது?" "அய்யய்யோ, தலையெல்லாம் பறக்குது, அழிச்சிடுங்க." அழித்துவிடுகிறார். தையல் கூடத்துப் பெண்கள் இருக்கும் படம் வந்தபோது மனைவி கையை விரித்தார். "அதை என்கிட்ட கேக்காதீங்க."

இதை எழுதலாமா என்று நானும் ஊசியண்ணனின் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க. டீ குடிச்சேன்னு மட்டும் எழுதிடாதீங்க" என்றார். படம் வேண்டாம் என்றார். அதனால் இதில் படம் இல்லை.

போன வியாழக்கிழமை தையல் கூடத்துக்குப் போயிருந்தேன். எந்த இயந்திரமும் பழுதில்லை. ஊசியண்ணன் கருவிப் பெட்டி இல்லாமல் வந்திருந்தார். கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இயந்திரமாக நின்று, அவரவர் படத்தைக் காட்டி, இருக்கட்டுமா என்று கேட்டு வந்தார். ஒருத்தி சிரித்துத் தலையாட்டினாள். இன்னொருத்தி யோசித்துவிட்டு, வேண்டாம் என்றாள். அந்தப் படம் அங்கேயே அழிந்து போயிற்று. ஏழாவது இயந்திரத்தில் இருந்தவர் குனிந்து ஒரு நீளத் தையலை ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஆள் நிற்பது தெரியவில்லை. ஊசியண்ணன் தோளைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. தையல் துணியின் கோடிவரைக்கும் போய், நூலை வெட்டி, அந்தப் பெண்மணி தானாக நிமிர்கிறவரை கைப்பேசியை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.