ராசா வீட்டுக்கு நேர்ந்த தேங்காய்

காரை விற்பதென்று என் கணவர் முடிவெடுத்தபோது என்னைக் கேட்கவில்லை. கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வாகனம் ஓட்ட வேண்டாமென்று டொக்டர் சொல்லிவிட்டார்; ஆகவே இனிக் கார் எதற்கு என்பது அவருடைய நியாயம். வீட்டில் லைசென்ஸ் உள்ள இன்னொரு ஆள் இருப்பது அவருக்கு ஞாபகமே வரவில்லை. அந்த ஆள் நான். வெள்ளவத்தையிலிருந்து பக்கத்துப் பாமன்கடை வரைக்கும்தான் என்னைக் கார் ஓட விட்டிருக்கிறார், அதுவும் ஞாயிறு காலையில், தெருநாய் எழும்புமுன்.

கொலன்னாவையிலிருந்து ஒருவர் அடுத்த கிழமை வந்து காரை எடுத்துப்போவதாகப் பேச்சு.

என் கணவருக்குக் கோட்டைப் பைத்தியம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் போனில் வெளிநாட்டுக் கோட்டைகள்தான். சாப்பிடக் கூப்பிட்டால் “பொறும், இப்பதான் முற்றுகை தொடங்குது” என்பார். நான் அந்தப் பைத்தியத்தைப் பிடித்து இழுத்தேன்.

“விக்கிறதெண்டால் வில்லுங்கோ. அதுக்கு முதல் ஒருக்கா எங்கட யாப்பகூவாக் கோட்டையையும் பண்டுவஸ்நுவர அரண்மனையையும் பாத்திட்டு வருவம். நான் ஓடுறன்.”

“நீரோ?” என்றார், நான் விமானம் ஓட்டப்போவதாகச் சொன்னதுபோல. “அங்க அகழியெல்லாம் இருக்காம்” என்றேன். அன்றிரவே அவர் போனில் யாப்பகூவாவைத் தேடத் தொடங்கிவிட்டார்.

தெஹிவளையில் இருக்கும் அவருடைய அக்கா, என் மச்சாள், தம்பியை என் ஓட்டத்தில் தனியே அனுப்ப மனமில்லாமல் தானும் வெளிக்கிட்டு வந்தார். கையில் புட்டுப் பொதி, செவ்வரத்தம்பூ, தேசிக்காய். நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காயை வைத்துக் கும்பிட்டார். நான் ஸ்டார்ட் பண்ணி, பின்கியரைப் போட்டுவிட்டேன். கார் பின்னால் போனது. தேசிக்காய்கள் நசியாமல் பளபளவென்று அப்படியே கிடந்தன.

மச்சாளின் முகம் செத்துவிட்டது. அவற்றைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினார். அன்று முழுவதும் கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் வந்தார்.

இவருடைய வலது கால் வழியெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்தது. “லொறி! லொறி!” என்பார். லொறி நிறுத்தியிருக்கும். யாப்பகூவாவில் இறங்கும்போது கால் பிடித்து நொண்டினார். ஆனாலும் அந்தச் செங்குத்தான படிகளைக் கண்டதும் எதிரிப்படை மாதிரி ஏறினார். மேலே நின்று, பகைவன் எந்தப் பக்கத்தால் வருவான் என்று யாரோ வெள்ளைக்காரத் தம்பதிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். மச்சாள் கீழே கல் சிங்கத்துக்கு ஒரு பூ வைத்தார்.

வரும் வழியில் பண்டுவஸ்நுவர. அகழி வற்றிப்போய் ஒரு மாடு மேய்ந்தது; அதற்கும் இவர் குறை சொல்லவில்லை. அரண்மனையின் செங்கல் அடித்தளத்தை அவர் அடியடியாக அளந்துகொண்டிருக்க, மச்சாள் ஒரு மூலையில் நடுவில் துளையுள்ள கல் ஒன்றைக் கண்டுபிடித்தார். செருப்பைக் கழற்றினார். மிச்சப் பூவையெல்லாம் வைத்தார். கண்ணை மூடி, எல்லோருக்கும் கேட்கும்படி நேர்ந்தார்.

“அப்பனே, ஒரு குறையும் இல்லாமல் வீடு போய்ச் சேந்தால், இதே காரில வந்து உனக்குத் தேங்காய் உடைப்பன்.”

பக்கத்திலிருந்த பலகையை இவர் வாசித்தார். பிறகு இன்னொரு தரம் வாசித்தார்.

“அக்கா, இது கோயில் இல்லை. ராசாவின்ர கக்கூஸ்.”

நான் செங்கல் மேலேயே இருந்து சிரித்தேன். இவர் கண் மருந்தெல்லாம் வழிய வழியச் சிரித்தார். மச்சாள் மட்டும் செருப்பை நிதானமாக மாட்டினார்.

“நேந்தது நேந்ததுதான். கடவுளுக்குத் தெரியும் நான் ஆரைக் கும்பிட்டனான் எண்டு.”

சிரித்துக் களைத்ததாலோ என்னவோ, குருநாகல் தாண்டியதும் இவர் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். மழை கொட்டியது. பஸ்கள் கத்தின. நான் ஓட்டினேன். பக்கத்தில் அந்தக் கால் அசையாமல் கிடந்தது. கலியாண நாளில்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்கவில்லை.

வீட்டுக்குக் கீழே காரை நிறுத்த, கொலன்னாவைக்காரரின் போன் வந்தது. இவர் பேசத் தொடங்குமுன் மச்சாள் பின் சீட்டிலிருந்து எட்டி அவருடைய தோளைப் பிடித்தார்.

“தம்பி, நேத்தி முடிக்காமல் காரைக் குடுத்தியோ, உன்ர கண்ணுக்குத்தான் கூடாது.”

“எப்ப முடிக்கிறது, அக்கா?”

“மழை விடட்டும். பிறகு என்ர முழங்கால் சுகப்படட்டும்.” மச்சாளின் முழங்கால் எனக்குக் கலியாணமான காலத்திலிருந்தே சுகமில்லை.

இவர் போனைக் காதில் வைத்தார். “தம்பி, கார் இப்போதைக்குக் குடுக்கேலாது. ஒரு நேத்திக்கடன் கிடக்கு.” அந்தப் பக்கம் எந்தக் கோயில் என்று கேட்டிருக்க வேண்டும். இவர் கண்ணாடி வழியே மழையைப் பார்த்தார்.

“சரியான பழைய இடம்” என்றார். “ராசமார் ஒவ்வொரு நாளும் போன இடம்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நாளைக்குப் பாமன்கடைக்கு ஓடுவீரோ?”

“பாமன்கடைக்கு நடந்தே போகலாம்” என்று சாவியைக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டேன். “காலிக் கோட்டைக்கு எப்ப போவம்?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வலது கால்தான், நின்ற காரிலேயே, பிரேக்கைத் தேடியது.